கைபேசி எடுக்கும் முடிவும் நாம் எடுக்கும் படமும்

“என்னிடம் 15,000 ரூபாய் கைபேசி ஒன்றுதான் இருக்கிறது. அதிலேயே எடுத்து, அதிலேயே திருத்தி, கலை என்று சொல்லத்தக்க ஒளிப்படங்களைச் செய்ய முடியுமா? அப்படித் திருத்திய பிறகு அது ஒளிப்படம்தானா? எங்கிருந்து தொடங்குவது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். பல ஆண்டுகளாக நானும் கணினியின் உதவியில்லாமல் கைபேசியிலேயே இந்த வேலையைச் செய்துவருகிறேன். ஆனால் தொடங்குவதற்கு முன் ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் திருத்தத் தொடங்கும் முன்பே உங்கள் கைபேசி அந்தப் படத்தை ஒரு முறை திருத்தி முடித்துவிட்டது. எது வெளிச்சமாக இருக்க வேண்டும், எந்த நிழல் விலக வேண்டும், தோல் என்ன நிறத்தில் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் அது முடிவு செய்த பிறகுதான் படம் உங்கள் கண்ணுக்கு வருகிறது. கைபேசியில் கலைப்படம் செய்வது என்றால், அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக நம் கைக்கு மீட்டுக்கொள்வதுதான் என்பது என் அனுபவம்.

கைபேசி ஏன் இப்படிச் செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தொழில்முறைக் கலைஞர்கள் பயன்படுத்தும் ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய கேமராவில் ஒளியை வாங்கும் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. நடுத்தர விலைக் கைபேசிகளில் பரவலாகக் காணப்படும் அரை அங்குல வகைச் சென்சார் சுமார் 6.4 மி.மீ. அகலமும் 4.8 மி.மீ. உயரமும்தான், பரப்பில் 28இல் ஒரு பங்கு. இந்தச் சிறிய இடத்தில் விழும் ஒளியைக் கொண்டு ஒரே ஒரு முறை படமெடுத்தால், நிழல் பகுதிகளில் மணல் தூவியது போன்ற நாய்ஸ் தெரியும், வானம் வெளிறிப்போகும். இந்தக் குறையைப் பொறியாளர்கள் கணக்கினால் ஈடுகட்டினார்கள். கூகுள் நிறுவனம் ஹெச்டிஆர் பிளஸ் என்று பெயரிட்டு உருவாக்கிய முறையை எடுத்துக்கொள்வோம். கேமரா செயலியைத் திறந்த கணத்திலிருந்தே கைபேசி இடைவிடாமல் படங்களை எடுத்து நினைவகத்தில் சுழற்சியாக வைத்துக்கொள்கிறது. நீங்கள் பொத்தானைத் தொட்டதும், வெளிச்சமான இடங்கள் வெளிறிவிடாதபடி வேண்டுமென்றே சற்று இருட்டாக எடுத்த பல படங்களைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கை நடுக்கத்தால் விலகியவற்றைப் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து நாய்ஸைக் குறைக்கிறது. அதன் பிறகு இருட்டான பகுதிகளை மட்டும் தனியே வெளிச்சமாக்குகிறது. இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் கைபேசிகளும் இதைப் போன்ற ஏதோ ஒரு முறையைத்தான் கையாள்கின்றன. பெட்டியின் மீது 50 மெகாபிக்சல் என்று அச்சிட்டிருப்பதும் இப்படித்தான். நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் கைபேசி வழக்கமாக உங்களுக்குத் தருகிறது. அதில் குறையொன்றும் இல்லை, அச்சுக்கு அதுவே போதும்.

இந்தக் கணக்கில் ஒரு ரசனையும் ஒளிந்திருக்கிறது. 2018 நவம்பரில் கூகுள் தன் பிக்சல் கைபேசிகளுக்கு நைட் சைட் என்ற இரவுப் படமெடுக்கும் வசதியை அளித்தபோது, அதைச் செய்தவர்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. பல படங்களைச் சேர்த்து எவ்வளவு வேண்டுமானாலும் வெளிச்சமாக்கலாம் என்னும் நிலையில், இரவு பகலாகத் தெரியத் தொடங்கிவிடும். இரவை இரவாகவே காட்டுவது எப்படி என்பதை விளக்க அவர்கள் 18ஆம் நூற்றாண்டின் ஆங்கில ஓவியர் ஜோசஃப் ரைட்டின் ஓவியத்தை எடுத்துக்காட்டினார்கள். ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கூட்டுவது, நிழலைக் கரிய நிறத்துக்கே தள்ளுவது, காட்சியைச் சுற்றி இருளை நிறுத்துவது என்னும் ஓவியர்களின் பழைய உத்திகளையே கணக்காக எழுதினார்கள். ஆகவே நம் கையிலுள்ள கருவிக்குள் யாரோ ஒருவருடைய கண் ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது. அது கோடிக்கணக்கானவர்கள் எடுக்கும் பிறந்தநாள் படங்களுக்கும் சுற்றுலாப் படங்களுக்கும் பொருந்தும்படி வகுக்கப்பட்ட பொதுவான கண். உங்கள் படத்துக்கு உங்கள் கண்தான் வேண்டும்.

இதை ஒரே படத்தைக் கொண்டு விளக்குகிறேன். பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு டீக்கடையில் காலை ஆறரை மணிக்கு மாஸ்டர் டீ ஆற்றும் காட்சி. கடையின் உள்பக்கம் இருட்டு. மாஸ்டருக்குப் பின்னால் திறந்திருக்கும் பக்கவாட்டிலிருந்து வெயில் சாய்வாக வருகிறது. ஆவியின் நுண்துளிகள் தம்மேல் விழும் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கும் என்பதால், வெளிச்சம் பின்னால் இருந்து வரும்போது ஆவி பளிச்சென்று எழுந்து நிற்கும். வெளிச்சம் நம் முதுகுப்பக்கம் இருந்தால் அதே ஆவி இருப்பதே தெரியாது. ஆகவே நான் முதலில் செய்தது, ஒரு டீ சொல்லிவிட்டு, வெயிலும் மாஸ்டரும் நானும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வரும் இடத்தைத் தேடி நின்றதுதான். “அண்ணா, ரெண்டு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டேன். அவர் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். கேட்டுவிட்டு எடுப்பது மரியாதை. அதோடு, மறைத்து எடுக்கும்போது வரும் அவசரம் அதில் இல்லாததால் நிதானமாகப் பல முறை முயலவும் முடிகிறது.

கைபேசியை உயர்த்தியதும் அது தன் முடிவைக் காட்டியது. கடையின் பின்சுவர், தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகள், பிஸ்கட் ஜாடிகள் எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தன, ஆவி அவற்றில் கரைந்துவிட்டது. திரையில் ஆவி எழும் இடத்தில் விரலை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்தில் பதியும் ஒளியின் அளவும்) அங்கேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தோன்றும் சூரியன் குறியைக் கீழே இழுத்தால் படம் இருளும். பின்சுவர் ஏறக்குறையக் கறுப்பாகும் வரை இழுத்தேன். இந்த ஒரு செயலை மட்டும் ஒரு மாதம் பழகினால் உங்கள் படங்கள் மாறிவிடும் என்று உறுதியாகச் சொல்வேன். கைபேசி எல்லாவற்றையும் காட்ட விரும்புகிறது, படத்துக்கோ எதைக் காட்டாமல் விடுவது என்ற தேர்வு வேண்டும். உங்கள் கைபேசியில் புரோ என்ற முறை இருந்தால் ஷட்டர் வேகத்தையும், அதாவது எவ்வளவு நேரம் ஒளியை வாங்க வேண்டும் என்பதையும், நீங்களே வைக்கலாம். 1/500 நொடியில் டீ தனித்தனித் துளிகளாகச் சிதறி நிற்கும், 1/60 நொடியில் அது ஒரு துணிநாடாவைப் போல நீண்டு விழும். நான் இரண்டாவதை விரும்பினேன். புரோ முறையில் பல கைபேசிகள் படங்களை ஒன்றுசேர்க்கும் கணக்கை நிறுத்திவிடும் என்பதால் நாய்ஸ் கூடும். இருண்ட கடைக்குள் அந்தச் சொரசொரப்பு எனக்குப் பிடித்தே இருந்தது.

வெள்ளைச் சமநிலையும், அதாவது எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்பதும், கைபேசி நமக்காக எடுக்கும் முடிவுதான். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் அளப்பார்கள்; குத்துவிளக்கின் சுடரொளி 1,900 கெல்வின் அளவிலானது, ஆழ்ந்த செம்மஞ்சள். தானியங்கி முறை அதை வெள்ளையாக்கப் பார்க்கும். முகத்தில் விழுந்த விளக்கொளியின் வெம்மை போய், டியூப்லைட் அடியில் எடுத்தது போல ஆகிவிடும். புரோ முறையில் 3,500 முதல் 4,000 கெல்வினுக்குள் வைத்துப் பாருங்கள், விளக்கொளி விளக்கொளியாகவே வரும்.

சிறிய கேமராவுக்கென்றே அமைந்த வலிமைகளும் உண்டு. அவற்றைப் பயன்படுத்தாமல் பெரிய கேமராவைப் போலப் பாவனை செய்வதில்தான் புதியவர்கள் பெரும்பாலும் காலத்தை வீணாக்குகிறார்கள். போர்ட்ரெயிட் முறை பின்னணியைக் கணக்கினால் மங்கலாக்குகிறது. பறக்கும் முடியிழை, மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, கண்ணாடி டம்ளர் ஆகியவற்றில் அது தடுமாறும். சிறிய சென்சாரின் இயல்பான குணமோ அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒருசேரத் தெளிவாக விழுவது. வாசல் கோலத்தின் புள்ளி ஒன்றை அடிமுனையிலும் தெருவின் கோடியில் வரும் சைக்கிளை மேல்முனையிலும் வைத்து, இரண்டும் கூர்மையாகத் தெரியும்படி எடுக்க அதைவிட எளிய கருவி கிடையாது. மழை நின்ற பிறகு கைபேசியைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தரையை ஒட்டி வரும்படி பிடியுங்கள். விரற்கடை ஆழமுள்ள குட்டை ஒரு ஏரியாக விரியும். எதிரிலுள்ள கட்டடம் முழுவதும் அதில் தலைகீழாக நிற்கும். பெரிய கேமராவின் லென்ஸை அவ்வளவு தாழ்வாகக் கொண்டுபோக இயலாது. ஆனால் ஒருவரின் முகத்தைக் கை நீளத்துக்குள் வைத்து எடுக்காதீர்கள். முதன்மை லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்கு இணையான அகலப் பார்வை கொண்டது என்பதால் மூக்கு பெருத்துவிடும். இரண்டடி பின்னால் போய் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். உங்கள் விலைக் கைபேசிகளில் எண்ணிக்கைக்காகச் சேர்த்திருக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ (மிக அருகில் வைத்து எடுக்கும்) கேமராவை மறந்துவிடுங்கள். கூடுதல் கருவி என்று கேட்டால், கடுமையான சன்னல் வெயிலை மென்மையாக்க ஒரு வெள்ளை வேட்டியையும், நிழல் பக்கத்துக்கு ஒளியைத் திருப்ப ஒரு தெர்மாகோல் பலகையையும் தவிர நான் எதையும் பரிந்துரைக்க மாட்டேன். ஆம், சட்டைப்பையில் கிடந்த கைபேசியின் லென்ஸை எடுப்பதற்கு முன் துடையுங்கள். விளக்குகளைச் சுற்றிப் படரும் புகைமூட்டத்துக்குப் பெரும்பாலும் விரல் எண்ணெய்ப் பசைதான் காரணம்.

ஒளி பற்றி வெளிநாட்டார் எழுதும் குறிப்புகளைப் படிக்கும்போது ஒரு திருத்தம் தேவை. அவர்கள் சொல்லும் பொன்னொளி நேரம், அதாவது சூரியன் தாழ்வாக இருந்து ஒளி பொன்னிறமாக விழும் பொழுது, நம் ஊரில் அவ்வளவு நேரம் நீடிக்காது. சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக மேலேறுகிறது. தொடுவானத்திலிருந்து 6 பாகை உயர 25 நிமிடம் போதும். மார்ச் மாத லண்டனில் அதே உயரத்துக்குக் கிட்டத்தட்ட 40 நிமிடம் ஆகும். மெரினாவிலோ ராமேசுவரத்திலோ விடியலைப் படமெடுக்கப் போகிறவர்கள் முந்தின நாளே நிற்குமிடத்தை முடிவு செய்திருக்க வேண்டும். அங்கே போய் யோசிக்கத் தொடங்கினால் யோசனை முடிவதற்குள் ஒளி வெளுத்துவிடும்.

திருத்துவதற்கு வருவோம். இலவசச் செயலியான ஸ்னாப்சீட் ஒன்றே உங்களுக்கு நெடுநாளைக்குப் போதும். நிக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 2011இல் இதை வெளியிட்டது; 2012இல் அந்த நிறுவனத்தையே கூகுள் வாங்கியது. டீக்கடைப் படத்தில் நான் செய்தவை இவைதான். முதலில் வெட்டினேன்; வலப்பக்கம் பாதி தெரிந்த ஒரு தலையை நீக்கியதும் படத்தின் பாரம் இறங்கும் டீயின் மேல் வந்து நின்றது. அடுத்து ட்யூன் இமேஜ் என்ற கருவியில் ஆம்பியன்ஸ் என்ற அளவை 15 புள்ளி குறைத்தேன். பலரும் அதைக் கூட்டுவார்கள், கூட்டினால் நிழல்கள் மேலேறிப் படம் தட்டையாகும். கைபேசி ஏற்கெனவே செய்துவைத்த அந்தத் தட்டைத்தன்மையை நான் எடுக்க விரும்பினேன். பிறகு கர்வ்ஸ் என்ற கருவியில், நிழல் முதல் வெளிச்சம் வரையுள்ள அளவுகளைக் காட்டும் கோட்டின் கீழ்ப்பகுதியை மட்டும் சற்றே இறக்கி, நடுப்பகுதியை அசையாமல் பிடித்துக்கொண்டேன். பின்சுவர் இருளுக்குள் போனது, மாஸ்டரின் முகம் அப்படியே நின்றது.

செலக்டிவ் என்ற கருவியை எல்லோரும் கற்க வேண்டும். படத்தில் ஓர் இடத்தைத் தொட்டால், அந்த நிறமும் ஒளியும் கொண்ட அண்டைப் பகுதியை மட்டும் அது பிடித்துக்கொள்ளும்; இரண்டு விரலால் அதன் வட்டத்தைச் சுருக்கலாம், விரிக்கலாம். ஆவியின் மேல் ஒரு புள்ளி வைத்து வெளிச்சத்தைச் சிறிது கூட்டினேன். ஷாம்பு பாக்கெட்டுகளின் மேல் மூன்று புள்ளிகள் வைத்து நிறத்தைக் குறைத்தேன். கடைசியாக, பித்தளைப் பாய்லரின் மேற்பரப்புக்கு மட்டும் டீடெய்ல்ஸ் கருவியின் கூர்மை வேண்டியிருந்தது. அந்தக் கருவி படம் முழுவதையும் கூர்மையாக்கி ஆவியையும் முரடாக்கிவிடும். அதற்கு வழி வியூ எடிட்ஸ் என்ற பட்டியலில் இருக்கிறது. அங்கே செய்த திருத்தத்தைத் தொட்டுத் தூரிகைக் குறியைத் தேர்ந்தெடுத்தால், அந்தத் திருத்தம் எங்கே விழ வேண்டுமோ அங்கே மட்டும் விரலால் பூசிக்கொள்ளலாம். செயலியை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்களில்கூட இதைக் கண்டவர்கள் குறைவு. மொத்தம் பன்னிரண்டு நிமிட வேலை. முடித்த படத்தை உடனே எங்கும் பகிராமல் மறுநாள் காலை பார்த்தேன். நிறம் மிகுதியாகத் தோன்றியது, பாதி குறைத்தேன். எனக்கு இது ஏறக்குறைய ஒவ்வொரு படத்திலும் நடக்கிறது.

இனி, இப்படித் திருத்தியது ஒளிப்படம்தானா என்ற உங்கள் கேள்வி. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூரின் மேல் நிலவு எழும் காட்சியை ஒரே நெகட்டிவில் பிடித்தார். அதிலிருந்து அவர் பல பத்தாண்டுகளாக அச்சிட்டுக்கொண்டே இருந்தார். தொடக்க கால அச்சுகளில் வானம் வெளிறி மேகத் திட்டுகளுடன் இருக்கும், பிற்கால அச்சுகளில் வானம் கரியதாகிவிடும். இருட்டறையில் கையாலும் அட்டையாலும் ஒளியைத் தடுத்தும் கூட்டியும் அவர் செய்ததைத்தான் செலக்டிவ் கருவியில் நாம் செய்கிறோம். நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் டச்சப் செய்தவர்களின் கைவேலையும் இதே மரபுதான். நம் தாத்தா பாட்டிகளின் கல்யாணப் படங்களில் அது இருக்கிறது.

கைபேசிக்கென்று இந்த விவாதம் எழுந்த இடத்தையும் சொல்ல வேண்டும். ஹிப்ஸ்டமேடிக் என்ற செயலி 2009 டிசம்பரில் வந்தது; பழைய ஃபிலிமையும் லென்ஸையும் போன்ற தோற்றத்தை எடுப்பதற்கு முன்பே தேர்ந்தெடுத்துக்கொண்டு சதுரப் படம் எடுப்பதுதான் அதன் முறை. நியூயார்க் டைம்ஸின் ஒளிப்படச் செய்தியாளர் டேமன் வின்டர் 2010இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைவீரர்களின் அன்றாட வாழ்வை ஐபோனில் இந்தச் செயலியால் எடுத்தார். 2011இல் அந்தத் தொடர் ஒரு பெரிய ஒளிப்படச் செய்திப் போட்டியில் மூன்றாம் பரிசு பெற்றதும் கடும் எதிர்ப்பு கிளம்பியது. செயலி தரும் அழகை ஒரு செய்தியாளரின் பார்வை என்று ஏற்கலாமா என்பதே கேள்வி. வின்டர் தன் படங்களில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ இல்லை என்று விளக்கினார். வீரர்களே கைபேசியில் ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டிருந்ததால் தன் கைபேசி அவர்களைக் கூச்சப்படுத்தவில்லை என்றும் சொன்னார். நான் அவர் பக்கம் நிற்கிறேன். நிறமும் ஒளியும் மாறுவது ஒரு வகை. காட்சியில் இல்லாத பொருள் படத்துக்குள் நுழைவது வேறு வகை.

அந்த இரண்டாம் வகையும் கலையாகலாம், அதை மறைக்காத வரையில். ஸ்னாப்சீட்டின் டபுள் எக்ஸ்போஷரில் ஓர் எளிய பயிற்சி செய்து பாருங்கள். வெளுத்த வானத்தின் முன் ஒருவரின் பக்கவாட்டு உருவத்தைக் கரிய நிழலுருவாக எடுங்கள். அதன்மேல் பனையோலையின் நெருக்கமான படம் ஒன்றைச் சேர்த்து லைட்டன் முறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த முறை ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு படங்களில் எது வெளிச்சமோ அதையே வைத்துக்கொள்ளும். வானம் வெள்ளையாகவே இருக்க, கரிய உருவத்துக்குள் மட்டும் ஓலை நரம்புகள் ஓடும். பார்ப்பவருக்கு அது கற்பனை என்று தெரியும், அதனால் யாரும் ஏமாறுவதில்லை. ஆனால் மறைத்துச் செய்வது வேறு. 2023 மார்ச்சில் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படம் ஒன்றைக் கணினித் திரையில் வைத்து, இருட்டறையின் மறுகோடியிலிருந்து சாம்சங் கைபேசியால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் வந்தன. அங்கே கைபேசி தான் வரைந்ததை எடுத்தவரிடமே சொல்லவில்லை. இன்றைய கேலரிச் செயலிகளில் ஒரே தொடுதலில் ஆளை நீக்கலாம், வானத்தை மாற்றலாம். அப்படிச் செய்த படத்தைப் பகிரும்போது கீழே ஒரு வரி எழுதிவிடுவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் அவர்களுடைய விதிகளைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

அச்சிடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் நான் நெடுநாள் இடறினேன். இரவில் விளக்கணைத்த அறையில், திரையை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்திய படங்களை முதன்முதலில் அச்சுக்குக் கொடுத்தபோது எல்லாமே கரிப்பிடித்தது போல வந்தன. தவறு என்னுடையது, திரை தானே ஒளிர்கிறது, தாள் ஒளிர்வதில்லை. இப்போது திருத்தும்போது தானியங்கி வெளிச்சத்தையும் கண்ணுக்கு இதமான மஞ்சள் திரை முறையையும் நிறுத்திவிட்டு, திரையைப் பாதி வெளிச்சத்தில் வைத்துக்கொள்கிறேன். பெரிய அச்சுக்கு முன் 6×4 அங்குலத்தில் ஒரு மாதிரி எடுத்துப் பார்க்கிறேன். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையேல் அது சுருங்கிப் போய்ச் சேரும். 12.5 மெகாபிக்சல் படத்தை வெட்டாமல் வைத்திருந்தால் 13×10 அங்குலம் வரை தெளிவாக அச்சிடலாம். நான் ஓரம் வெட்டியிருந்ததால் டீக்கடைப் படத்தை 10×8 அங்குலத்தில் இரண்டு பிரதிகள் போட்டேன். மாஸ்டருக்குக் கொடுத்ததை மட்டும் லேமினேட் செய்யச் சொன்னேன். அவர் அதைப் பாய்லருக்கு மேலேதான் மாட்டப்போவதாகச் சொல்லியிருந்தார், ஆவி பட்டால் தாள் ஒரு மாதம்கூடத் தாங்காது.